பாரமும் பிணிப்பும்

வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி இன்று சாலைகளில் அருகிவிட்டது. எனினும், அறுவடைக் காலத்தில் சிறு குன்றொன்று அசைந்து வருவதுபோல் அவ்வண்டி வருவதைக் கண்டோர் இன்னும் பலர் உளர். அதில் பாரம் ஏற்றுவது எளிய வேலை என்று எண்ணுவோர் அதனைச் செய்து பாராதவரே. வண்டியின் முற்பகுதியில் பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பிற்பகுதியில் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பப் பூட்டாங்கயிறு மாடுகளின் தொண்டையை இறுக்கும். முன்னதை முன்பாரம் என்றும், பின்னதைப் பின்பாரம் என்றும் உழவர் கூறுவர். இவ்விரண்டும் இன்றி அச்சின்மேல் பாரம் நிற்கும்படி ஏற்றி, வடக்கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய பின்னரே வண்டிக்காரர் மாட்டைப் பூட்டுவார். எழுதப் படிக்க அறியாத பலரும் இக்கணக்கில் தேர்ந்திருந்தனர். பிழை நேர்ந்தால் முதலில் துன்புறுவன தம் மாடுகளே என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

மிகப் பழங்காலத்திலேயே தமிழர் பாரவண்டியின் இயல்பை நுணுகி அறிந்திருந்தனர். கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர், வழியில் மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிச் சென்றனர் என்ற செய்தியைப் புறநானூற்றில் உள்ள ஒளவையார் பாட்டால் அறிகிறோம். சேம அச்சு என்பது அதன் பெயர். மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவரும் வலியறிதலைக் கூறுமிடத்து உரைத்தார்.

இன்று பாரம் செல்லும் வண்டி வேறு, வேகம் வேறு. முன்னே இழுத்துச் செல்லும் பொறிவண்டியும், அதன் முதுகில் தலைவைத்துப் பின்தொடரும் நீண்ட தளமுமாகிய டிரெய்லர் வண்டிகளை நெடுஞ்சாலைகளில் நாள்தோறும் காண்கிறோம். அவை இரும்புச் சுருள்களையும், பாறைகளையும், காற்றாலையின் நெடிய இறகுகளையும், மண்தோண்டும் பொறிகளையும் சுமந்து செல்கின்றன. வைக்கோல் வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர் சென்றது. இவையோ அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. ஆதலின், பாரத்தை வண்டியோடு பிணிப்பது இன்று உயிர்காக்கும் கலையாகிவிட்டது. அக்கலையின் அடிப்படை யாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கருங்கல் வெட்டும் குவாரிகள் பல உண்டு. அங்கே சதுரமாக அறுத்தெடுத்த கற்பாளம் ஒன்றைக் காண்போம். அதன் நீளம் 3 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், உயரம் 1.5 மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன் எடையுடையது. ஆகவே, இக்கல்லின் எடை பத்தொன்பதரை டன்னுக்குச் சற்றுக் குறையும். கணக்கின் எளிமைக்காக 20 டன் என்று கொள்வோம். இதனைப் பாரந்தூக்கி மெல்ல இறக்கி டிரெய்லரின் தளத்தில் வைக்கிறது. வைத்ததும் வண்டி முழுவதும் ஒருமுறை அமுங்கி எழுகிறது. அருகே நிற்பவர் என்ன சொல்வார்? “இவ்வளவு கனமான கல் எங்கே போய்விடும்? யானை வந்து தள்ளினாலும் அசையாதே!” என்பார். உண்மைபோலத் தோன்றும் இச்சொல்லே பலர் உயிரைப் பறித்த சொல் ஆகும்.

யானை தள்ளி அசையாத கல், வண்டி திடீரென நின்றால் அசையும். இதனை விளங்கிக்கொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டா. வழுவழுப்பான பலகை ஒன்றும் ஒரே மாதிரியான செங்கற்கள் மூன்றும் போதும். பலகையின் ஒரு முனையருகே செங்கல் ஒன்றை வைத்து, அம்முனையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட சரிவில் செங்கல் வழுக்கத் தொடங்கும். அச்சரிவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு செங்கல்லின்மேல் மற்றொன்றை வைத்துக் கட்டி, மீண்டும் உயர்த்துங்கள். எடை இரு மடங்காயிற்று. ஆகவே இருமடங்கு உறுதியாக நிற்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அவ்வாறு நடப்பதில்லை. ஏறத்தாழ அதே சரிவில்தான் அதுவும் வழுக்கும். மூன்றாக அடுக்கினாலும் அப்படியே.

காரணம் யாது? பொருள் வழுக்காமல் அதனைப் பிடித்து நிறுத்துவது அதற்கும் பலகைக்கும் இடையே உள்ள உராய்வு. அவ்வுராய்வு பொருளின் எடைக்கு ஏற்ப மிகும். ஆனால், பொருளை வழுக்கச் செய்யும் விசையும் அதே எடைக்கு ஏற்பவே மிகும். ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுவதால், எடை கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. எஞ்சி நிற்பது இரண்டு பரப்புகளின் தன்மை மட்டுமே. பலகையில் மணல் தூவினாலோ, எண்ணெய் தடவினாலோ குறைந்த சரிவிலேயே செங்கல் வழுக்கும். ரப்பர் விரிப்பு ஒன்றை இடையில் வைத்தால் மிகுந்த சரிவிலும் நிற்கும்.

ஓடும் வண்டியிலும் இதுவே நிகழ்கிறது. இயங்கும் பொருள், தடுப்பார் இல்லையேல், அதே வேகத்தில் அதே திசையில் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது நியூட்டன் வகுத்த முதல் விதி. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் நிற்பது வண்டிதான். கல்லோ தன் பழைய வேகத்திலேயே செல்ல விரும்புகிறது. அதனைத் தடுத்து நிறுத்த உராய்வால் இயலுமாயின் நன்று. இயலாதாயின் கல் முன்னே நகர்கிறது. முன்னே இருப்பது ஓட்டுநர் அமர்ந்திருக்கும் அறை.

வண்டி கடுமையாக நிற்கும்போது பாரத்தின்மேல் தோன்றும் முன்னோக்கிய விசை எவ்வளவு? பாரம் கட்டுவதற்கு விதி வகுத்த அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவை இதனைப் பாரத்தின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு என்று கொண்டுள்ளன. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பத்தில் ஐந்து பங்கு. நம் 20 டன் கல்லுக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். முன்னோக்கி 16 டன் விசையைத் தாங்க வேண்டும். கல்லின் அடியில் மரக்கட்டைகள் உள்ளன. உராய்வு எடையில் பத்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அது தாங்குவது 8 டன். எஞ்சிய 8 டன்னை யார் தாங்குவது?

“அதற்குத்தான் கயிறு இருக்கிறதே” என்பீர்கள். கல்லின் மேலே குறுக்காகப் போட்டு இருபுறமும் இழுத்துக் கட்டும் பட்டையைப் பற்றி ஓர் உண்மையைப் பலர் அறியார். அப்பட்டை கல்லை முன்னே போகாமல் நேராக இழுத்துப் பிடிப்பதில்லை. கல்லைத் தளத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அவ்வழுத்தத்தால் உராய்வு சிறிது மிகுகிறது. அவ்வளவே அதன் தொழில். எஞ்சிய 8 டன் உராய்வை இவ்வழியில் பெற வேண்டுமாயின், 20 டன் அளவுக்குக் கல்லை மேலிருந்து அழுத்த வேண்டும். கையால் முறுக்கும் பட்டை ஒன்று, இருபுறமும் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு டன் அழுத்தினாலே பெரிது. எனவே, இருபது பட்டைகள் வேண்டும்! இருபது பட்டை கட்டிய கல்லை நான் எந்தச் சாலையிலும் கண்டதில்லை. இரண்டு கட்டியதையே கண்டிருக்கிறேன்.

மேலும், பட்டை செங்குத்தாக இறங்கினால்தான் அதன் இழுவிசை முழுவதும் அழுத்தமாகும். தளத்தோடு முப்பது பாகைக் கோணத்தில் சாய்ந்து இறங்கினால் பாதியே பயன்படும். தாழ்ந்து அகன்ற பாரங்களின்மேல் போடும் கட்டு, பார்வைக்கு இறுக்கமாய் இருந்தும், வேலையில் தளர்ந்திருப்பது இதனால்தான்.

ஆகவே, அறிந்தோர் வேறு வழிகளை நாடுவர். அவற்றுள் தலையாயது முட்டுக் கொடுத்தல். தேரோட்டத்தைக் கண்டிருப்பீர்கள். அத்துணைப் பெரிய தேரை நிறுத்துவது சக்கரத்தின் அடியில் இடும் முட்டுக்கட்டை அன்றோ? அதுபோலப் பாரத்துக்கு முன்னே, தளத்தோடு பொருத்திய இரும்புத் தடையோ உறுதியான கட்டையோ இருக்குமாயின், நகர்வதற்கு இடமே இல்லை. பாரம் அத்தடையை ஒட்டி இருத்தல் வேண்டும். ஒரு முழம் இடைவெளி இருந்தால் தடை இருந்தும் பயனில்லை. அவ்விடைவெளியைக் கடந்து வரும் கல், சம்மட்டியைப்போல் தடையை மோதித் தகர்த்துவிடும். ஓட்டுநர் அறைக்குப் பின்னே உள்ள இரும்புச் சுவரை நம்பிச் சிலர் பாரத்தைத் தளர்வாக விட்டுவிடுகின்றனர். அது வீண் நம்பிக்கை.

இரண்டாவது வழி, சங்கிலியைப் பாரத்திலிருந்தே தளத்துக்கு மூலைவாட்டமாக இழுத்துக் கட்டுதல். முன்னிரண்டு பின்னோக்கியும் பின்னிரண்டு முன்னோக்கியும் இழுத்து நிற்குமாறு நான்கு சங்கிலிகள் கட்டினால், பாரம் எப்பக்கம் நகர முயன்றாலும் ஏதேனும் இரு சங்கிலிகள் தம் முழு வலிமையோடு எதிர்க்கும். மேலே போட்ட பட்டைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. மண்தோண்டும் பொறி போன்றவற்றில் சங்கிலி மாட்டுவதற்கென்றே வளையங்கள் அமைந்திருக்கும். கல்லுக்கு அத்தகைய வளையம் இல்லை. ஆதலின், முட்டும் சங்கிலியும் இரண்டும் வேண்டும். அமெரிக்க விதியின்படி, கட்டும் சங்கிலிகளின் பாதுகாப்பான பளு அளவுகள் அனைத்தையும் கூட்டினால் பாரத்தின் எடையில் பாதிக்குக் குறையாது இருத்தல் வேண்டும். நம் கல்லுக்கு அது 10 டன். பாதுகாப்பாக 3 டன் தாங்கும் சங்கிலி மூன்று போதா, நான்கு வேண்டும்.

சிறியனவாகத் தோன்றும் சில செய்திகளும் உண்டு. கல்லின் கூர்விளிம்பு பட்டையை அறுக்கும். இடையே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்தால் போதும், அது தப்பும். அறுந்த பட்டையை முடிச்சிட்டு மீண்டும் பயன்படுத்துதல் ஆகாது; முடிச்சிட்ட இடத்தில் அதன் வலிமை பாதியளவுக்குக் குறைந்துவிடும். தளத்தில் கிடக்கும் மண்ணையும் சரளைக்கல்லையும் பெருக்காமல் பாரம் ஏற்றுவது, உருளைகளின்மேல் ஏற்றுவதை ஒக்கும். துடைப்பம் ஒன்றின் விலை என்ன இருக்கும்! இரும்புத் தகட்டுச் சுருள் உருண்டை வடிவினது ஆதலால், தொட்டில்போல் அமைத்த கட்டைகளுக்கு நடுவே அதனை இருத்திச் சங்கிலியை அதன் கண்ணின் வழியே செலுத்திக் கட்ட வேண்டும்; அது உருளத் தொடங்கியபின் நிறுத்துவார் இல்லை.

இனி, வளைவில் திரும்பும் வண்டியைக் காண்போம். நாற்பது மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், நம் கல்லை வெளிப்புறம் தள்ளும் விசை ஏறத்தாழ மூன்றரை டன். வேகத்தை 60 ஆக்கினால் அது ஏழு டன் ஆகும் என்று நீங்கள் கருதலாம், அது தவறு. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே 14 டன் ஆகும். உண்மையில் அவ்வளவு விசையைக் காணக் கல்லுக்கு வாய்ப்பு இராது. அதற்கு முன்னரே வண்டி கவிழ்ந்துவிடும். பாரத்தின் நடுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு எளிதில் கவிழும். ஆதலின், கனமானவற்றைத் தாழ்வாகவும், தளத்தின் நடுக்கோட்டிலும் இருத்துதல் முறையாகும்.

முன்பாரம், பின்பாரம் என்னும் உழவர் சொற்கள் இங்கும் பொருந்துகின்றன. டிரெய்லரின் பின்முனையில் பாரம் மிகுந்தால், முன்னே இழுக்கும் வண்டியின் சக்கரங்கள்மேல் அழுத்தம் குறையும். அவை சாலையைப் பற்றும் ஆற்றலை இழக்கும். காரின் பின்னே மாட்டும் சிறு டிரெய்லராயின், அது பாம்புபோல் நெளிந்து நெளிந்து, இழுப்பதையும் சேர்த்துச் சாலைக்கு வெளியே தள்ளிவிடும். அத்தகைய சிறு டிரெய்லர்களில், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இணைப்புக் கொக்கியின்மேல் இறங்குமாறு பாரத்தை வைப்பது வழக்கம். அளவு மீறிக் கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்து மேட்டில் ஏறும் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுவதைக் கரும்பு விளையும் ஊர்களில் உள்ளோர் கண்டிருக்கலாம். சிறுவர்கள் அதனை வேடிக்கையாகக் கண்டு கைதட்டுவர். முன்சக்கரம் தரையில் இல்லையேல் திருப்பும் சக்கரம் கையில் இருந்தும் பயனில்லை என்பதை டிராக்டரில் அமர்ந்திருப்பவர் அறிவார்.

சட்டம் இவற்றைப்பற்றி என்ன கூறுகிறது? நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் பாரவண்டிகளை ஆள்கின்றன. ஒவ்வோர் அச்சும் எவ்வளவு தாங்கலாம் என்பதை அரசு வரையறுத்துள்ளது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வளவுகள் உயர்த்தப்பட்டன. நான்கு டயர்கள் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 11.5 டன், அடுத்தடுத்து அமைந்த இரட்டை அச்சுக்கு 21 டன் என்பன அப்போது வகுக்கப்பட்டவை. பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையை மீறிச் செல்லும் வண்டிக்கு, 2019-இல் திருத்திய சட்டப்படி, 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் தண்டம் உண்டு. மிகுதியை இறக்கிவைத்த பின்னரே வண்டி மேற்செல்லலாம். பக்கவாட்டிலோ, முன்னோ பின்னோ, உயரத்திலோ அளவு கடந்து பாரம் நீண்டிருந்தாலும் 20,000 ரூபாய் தண்டமே. எடைபோட நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் செல்பவருக்கு 40,000 ரூபாய்.

இவற்றுள் ஒன்றைச் சிறப்பாகக் கருத வேண்டும். முன்னர் வண்டியின் பின்னே ஒரு மீட்டர் வரை கம்பி நீண்டிருக்க விதி இடங்கொடுத்தது. சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் போதும் என்று எல்லாரும் நினைத்தனர். இரவில் சிவப்புத் துணி யார் கண்ணுக்குத் தெரியும்? பின்னே வரும் இருசக்கர வண்டிக்காரர், லாரியின் பின்விளக்கைக் கண்டு அதுவரை இடம் உண்டு என்று கருதி நெருங்குவார். விளக்குக்கும் அவருக்கும் இடையே கம்பிகளின் முனைகள் மார்பளவு உயரத்தில் காத்திருக்கும். இவ்வாறு மாண்டோர் பலர். 2014-இல் அச்சலுகை நீக்கப்பட்டது. வண்டியின் உடலுக்கு வெளியே கம்பி நீண்டிருத்தல் கூடாது என்பதே இன்றைய விதி. எனினும், மூன்று சக்கர வண்டிகளிலும் சிறு லாரிகளிலும் கம்பிகள் தெருவைத் தேய்த்துக்கொண்டு செல்வதை இன்றும் காண்கிறோமே! அத்தகைய வண்டியைக் கண்டால் மாணவர்கள் நெடுந்தொலைவு விலகிச் செல்ல வேண்டும்.

தண்டம் ஓட்டுநருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது பிழை. மிகுபாரத்தோடு வண்டியை ஓட்டுபவரை மட்டும் அன்றி, ஓட்டச் செய்பவரையும், ஓட்ட இசைபவரையும் சட்டம் சேர்த்தே குறிக்கிறது. இது முறையே என்பது என் கருத்து. இரண்டு நடையில் செல்ல வேண்டியதை ஒரு நடையில் ஏற்று என்று பணிப்பவர் பெரும்பாலும் தம் அறையில் இருக்கிறார். கல்லுக்கு முன்னே அமர்ந்து செல்பவர் மற்றொருவர்.

வகுத்த அளவுக்குள் அடங்காத பாரங்களும் உண்டு. மின்நிலையத்துக்குரிய கொதிகலன் பகுதிகள், பெரிய மின்மாற்றிகள் ஆகியவற்றைப் பிரித்து இரு வண்டிகளில் ஏற்ற இயலாது. அவற்றுக்குத் தனி இசைவு பெற்று, பல அச்சுகள் கொண்ட வண்டியில் கொண்டு செல்வர். இவ்வகையில் தமிழ்நாட்டார் பலரும் கண்டு வியந்த பயணம் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த ஒற்றைக்கல்லில், பெங்களூரு ஈஜிபுரத்துக் கோதண்டராமர் கோயிலுக்காகப் பெருஞ்சிலை ஒன்று வடிக்கப்பட்டது. முந்நூறு டன்னுக்கு மேற்பட்ட அக்கல், 240 டயர்கள் கொண்ட வண்டியில் ஏறி 2018 டிசம்பரில் புறப்பட்டது. சாதாரண லாரி ஒரே நாளில் கடக்கும் தொலைவு அது. சிலை பெங்களூரு சேர்ந்ததோ 2019-ஆம் ஆண்டின் நடுவில்! வழியில் டயர்கள் வெடித்தன; குறுகிய தெருக்களில் இடையூறாய் இருந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டன; ஊர்தோறும் மக்கள் திரண்டு வந்து தேரைக் காண்பதுபோல் கண்டனர்.

இங்கே ஒரு கணக்கு. முந்நூறு டன்னை 240 டயர்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஒன்றேகால் டன் வருகிறது. வண்டியின் சொந்த எடையையும் சேர்த்தால் இது கூடும். ஆயினும், நான்கு டயர்களில் 11.5 டன் சுமக்கும் சாதாரண லாரியின் டயர் ஒன்று ஏறத்தாழ 2.9 டன் தாங்குகிறது! சாலையின் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே நோக்கினால், சிலைவண்டி கொடுத்த அழுத்தம் பெரிதன்று. அங்ஙனமாயின், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலத்தின் மேல் செல்லாமல், அருகே தற்காலிக மண்பாதை அமைத்து ஆற்றைக் கடந்தது ஏன்? தரைமேல் உள்ள சாலைக்கு அடியில் மண் எங்கும் தாங்குகிறது. பாலத்துக்கோ தூண்கள் மட்டுமே. இரு தூண்களுக்கு நடுவே ஒரே வேளையில் நிற்கும் மொத்த எடையே அங்குக் கணக்கு. டயர்களைப் பெருக்குவதால் அம்மொத்தம் குறைவதில்லை.

பிணித்த பாரம் பிணித்தபடியே இருக்கும் என்றும் கொள்ளலாகாது. வண்டி குலுங்கக் குலுங்க, அடியில் உள்ள மரக்கட்டைகள் அமுங்கும். புதிய பட்டை சற்று நீளும். கல் மயிரிழை அளவு இடம்பெயர்ந்து தனக்கு வசதியான இருக்கையைத் தேடும். காலையில் யாழ் நரம்புபோல் முறுகியிருந்த சங்கிலி, நண்பகலில் ஊஞ்சல் சங்கிலிபோல் தொங்கும். ஆகவேதான், புறப்பட்ட முதல் 50 மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்திக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்றும், பின்னர் ஒவ்வொரு 150 மைலுக்கோ மூன்று மணிக்கோ ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றும் அமெரிக்க விதி பணிக்கிறது. நம் நாட்டு நல்ல ஓட்டுநர்கள் இதனை விதி என்று அறியாமலே செய்து வருகின்றனர்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் நெடுந்தொலைவு இறங்கி வருகிறது. விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம் அது. இறங்கும்போது பாரத்தின் எடையில் ஒரு பகுதி எப்போதும் முன்னோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் பிரேக்கின் விசையும் சேரும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கியரை விடுவித்து இறங்குவோர், பிரேக்கு சூடேறிச் செயலற்றுப்போனபின் வருந்திப் பயனில்லை.

அக்கணவாய்க்கு மேலே, தேநீர்க் கடை ஒன்றின் எதிரே, கருங்கல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று நின்றிருந்ததை ஒரு மாலைப்பொழுதில் கண்டேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் வண்டி அது. ஓட்டுநர் ஐம்பது வயது கடந்தவர். தேநீரைக் குடிக்காமல் பலகைமேல் வைத்துவிட்டு, சிறு இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சங்கிலியாக மெல்லத் தட்டினார். தட்டியபின் செவி சாய்த்துக் கேட்டார்.

“ஐயா, கல் ஏற்றும்போதே நன்றாகக் கட்டியிருப்பீர்களே?” என்று வினவினேன்.

“கட்டினேன் தம்பி. காலையில் கட்டியது காலைக்குத்தான். வண்டி இவ்வளவு தூரம் குலுங்கி வந்திருக்கிறதே! கல் சும்மா இருக்குமா?” என்றார் அவர்.

“இருபது டன் கல் ஆயிற்றே, அசையுமா?”

அவர் சிரித்தார். தம் இருக்கைக்குப் பின்னே உள்ள இரும்புச் சுவரைக் கையால் தொட்டுக் காட்டினார். அதன் நடுவே உள்ளங்கை அளவு பள்ளம் ஒன்று இருந்தது. “பதினோராண்டுக்கு முன் ஒரு நாய் குறுக்கே வந்தது. அன்று ஏற்றியிருந்தது சிறிய கல்தான். அது சாலையில் இருந்த நாயைப் பார்க்கவில்லை, நான் பார்த்து நிறுத்தினேன்” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை.

நான்காவது சங்கிலியைத் தட்டியபோது ஒலி மங்கிக் கேட்டது. “தம்பி, நெம்புகோலைக் கொண்டு வா” என்று உதவியாளனை அழைத்தார். இருவரும் சேர்ந்து முறுக்கியை அரைச் சுற்றுத் திருகினர். மீண்டும் தட்டினார்; இம்முறை ஒலி மற்ற மூன்றையும் ஒத்திருந்தது. முன்கட்டையின் ஆப்புகளைக் காலால் உதைத்துப் பார்த்தார். பின்னர் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வண்டியில் ஏறி, தாழ்ந்த கியரில் அமர்த்தி, மெல்ல இறக்கத்தில் இறங்கத் தொடங்கினார்.